வாயிலில் நிற்கும் ஞானம்: மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் அறவாழ்வு

ஞானம் என்னும் சொல்லைச் செவியுற்ற அளவிலே நம் மனக்கண்முன் தோன்றும் காட்சி யாது? மலைக்குகை, ஆற்றங்கரை, அரச மரத்தடி, கண்மூடி அமர்ந்த ஒரு துறவி என்பனவே பெரும்பாலோர்க்குத் தோன்றும். இல்லறத்தானுக்கு அறிவு உண்டு, அனுபவம் உண்டு. ஆனால் ஞானம் என்பது வீட்டை விட்டு வெளியேறியவனுக்கே உரியது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அலுவலகத்திற் கோப்புகளுக்கிடையே நாள் முழுதும் அமர்ந்து, மாலையிற் காய்கறிப் பையுடன் பேருந்துக்கு நிற்கும் நம்மனோர்க்கும் ஞானத்திற்கும் தொலைவு மிகுதி என்பது பொதுவான எண்ணம்.

எபிரேய மக்களின் பழைய ஞான நூல்கள் இதற்கு வேறான ஒரு காட்சியைக் காட்டுகின்றன. விவிலியத்தில் உள்ள நீதிமொழிகள் என்னும் நூலில் ஞானம் ஒரு பெண்ணாக உருவகிக்கப்படுகின்றது. அவள் காட்டில் ஒளிந்திருக்கவில்லை. தெருவில் நிற்கின்றாள், சந்தியில் நிற்கின்றாள், நகர வாயிலில் நின்று போவார் வருவாரை அழைக்கின்றாள். நகர வாயில் என்பது அக்காலத்தில் வெறும் நுழைவிடம் அன்று. ஊர்ப் பெரியோர் கூடி வழக்குரைத்த இடமும் அதுவே. நிலம் கைமாறியதும், சாட்சிகள் வாய்மொழி தந்ததும் அங்கேதான். இக்காலத்து மொழியிற் சொன்னால், நீதிமன்றமும் பத்திரப் பதிவு அலுவலகமும் சந்தையும் ஒருங்கே அமைந்த இடம் அது. அத்தகைய இரைச்சலின் நடுவிலேதான் ஞானம் நிற்கின்றது என்பது அந்நூலோர் துணிபு.

சாலமோன் அரசன் கதையும் இதனையே வலியுறுத்தும். வேண்டுவது கேள் என்று இறைவன் அருளியபோது அவ்விளம் அரசன் நீண்ட ஆயுளையோ செல்வத்தையோ கேட்கவில்லை. மக்களின் வழக்கைக் கேட்டு நன்று தீது பகுத்தறியும் உள்ளத்தையே கேட்டான். ஒரு குழந்தைக்காக இரு பெண்கள் வழக்காடி வந்த செய்தி அதனை அடுத்தே வருகின்றது. ஆகவே அம்மரபில் ஞானம் என்பது முதற்கண் நடுவனுக்குரிய பண்பாகவே பேசப்பட்டது.

இம்மரபினைத் தமிழ் மண்ணில் தம் வாழ்வினால் விளக்கிக் காட்டிய ஒருவர் உண்டு. அவர் துறவி அல்லர். சமய போதகரும் அல்லர். ஆவண அறையில் எழுத்தராய்த் தொடங்கி, முன்சீப்பாக உயர்ந்து, ஓய்வூதியம் பெற்று, நகராட்சித் தலைவராய் இருந்து மறைந்த ஓர் அரசாங்க ஊழியர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்னும் அப்பெரியாரைத் தமிழ் நாவலின் தந்தை என்றே நம்மிற் பெரும்பாலோர் அறிவர். அவருடைய அலுவல் வாழ்வும் அவர்தம் இறைநம்பிக்கையும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் மரபும்

தமிழ்க் கிறித்தவர் வழக்கில் ஞானம் என்னும் சொல் பெற்றுள்ள இடம் தனிச்சிறப்புடையது. குழந்தைக்குச் செய்யும் முதற்சடங்கு ஞானஸ்நானம். அப்போது பொறுப்பேற்று நிற்பவர் ஞானத்தந்தை, ஞானத்தாய். கோயிலிற் பாடுவது ஞானப்பாட்டு. ஆண்மக்களுக்கு ஞானப்பிரகாசம் என்றும், பெண்மக்களுக்கு ஞானம்மாள் என்றும் பெயரிடுவர். 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி என்னும் இத்தாலியத் துறவி, தமிழில் எழுதிய மறைவிளக்க நூலுக்கு ஞானோபதேசம் என்றே பெயரிட்டார். அவருக்குப்பின் வந்த வீரமாமுனிவர் தேம்பாவணியைப் பாடினார், சதுரகராதியைத் தொகுத்தார், பரமார்த்த குரு கதையால் நம்மைச் சிரிக்கவும் வைத்தார்.

இவ்வழக்கினால் ஒரு நன்மை விளைந்தது. பிறப்பு முதல் இறப்பு வரை இல்லறத்தானின் வாழ்வில் நிகழும் ஒவ்வொன்றிலும் அச்சொல் புகுந்துவிட்டது. ஞானம் என்பது முதுமையிற் சென்று எய்தும் முடிவு என்பதற்கு மாறாக, தொட்டிற் பருவத்திலேயே கையிற் கொடுக்கப்பட்டு வாழ்நாள் முழுதும் காப்பாற்ற வேண்டிய பொறுப்பாயிற்று. வேதநாயகர் பிறந்து வளர்ந்தது இத்தகைய சூழலிலே ஆகும்.

ஆவண அறையிலிருந்து நீதிமேடைக்கு

வேதநாயகம் பிள்ளை 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் தோன்றினார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. தாயார் ஆரோக்கிய மரியம்மை. திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய் இருந்த தியாகராச பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார்.

1848ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியேற்றார். நம் மொழியிற் சொன்னால், பதிவறை எழுத்தர். கட்டுக் கட்டாய் வரும் வழக்குத் தாள்களை எண்ணிட்டு அடுக்குவதும், கேட்டபோது எடுத்துக் கொடுப்பதும் அவ்வேலை. 1850இல் அதே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரானார். பின்னர்ப் போட்டித் தேர்வெழுதி முன்சீப் பதவிக்கு உயர்ந்தார். 1857ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப்பாக அமர்ந்தார்.

தரங்கம்பாடி வரலாற்றுப் புகழ் வாய்ந்த ஊர். 1620ஆம் ஆண்டு முதல் தேனியர் வசம் இருந்த அத்துறைமுகம் 1845இல் ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டது. 1706இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் செர்மானிய லுத்தரன் போதகர், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அச்சிட்டதும் அவ்வூரிலேதான். கத்தோலிக்கரான வேதநாயகர், சீர்திருத்தச் சபையின் பழைய கோட்டையாகிய அவ்வூரில் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான நடுவராய் அமர்ந்தது கருதத்தக்கது. அங்கிருந்து சீகாழிக்கும், பின் மாயூரத்திற்கும் மாற்றப்பெற்றார். மாயூரத்திலே பதின்மூன்று ஆண்டுகள் பணியாற்றியமையால் அவ்வூர்ப் பெயரே அவர் பெயரின் முன்னொட்டாய் நிலைத்தது. இன்றைய மயிலாடுதுறையே அது.

முன்சீப் என்பவர் அக்கால நீதித்துறையின் அடிப்படியில் இருந்தவர். 1816ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்தில் மாவட்ட முன்சீப் பதவிகள் ஏற்பட்டன. உயர்ந்த பதவிகள் யாவும் ஆங்கிலேயர்க்கே உரியனவாய் இருந்த அந்நாளில், இந்நாட்டவர் ஏறக்கூடிய படிகளுள் இஃதொன்று. பெருநிலக்கிழாரின் பெருவழக்குகள் மேல்மன்றங்களுக்குச் செல்லும். குறுங்கடன், வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை ஆகியன முன்சீப்பிடம் வரும். வழக்கின் தொகை சிறிதெனினும் வழக்காடுவோனுக்கு அதுவே அவன் உடைமை முழுதுமாய் இருக்கலாம். இதனை உணர்ந்தவர்க்கே அவ்விருக்கை பொருந்தும்.

நீதி நூல் பிறந்த கதை

முன்சீப் பதவியேற்று இரண்டாண்டு கழிந்த 1859ஆம் ஆண்டில் வேதநாயகரின் நீதி நூல் வெளிவந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலிய புலவர் பெருமக்கள் அதற்குச் சிறப்புப்பாக்கள் அளித்தனர்.

நீதி நூல் என்னும் பெயரிலே ஓர் இருபொருள் உண்டு. ஒழுக்கத்தைக் கூறுவதும் நீதி; மன்றத்தில் வழங்குவதும் நீதி. பகலில் பின்னதை வழங்கியவர், இரவில் முன்னதைப் பாடினார். அந்நூல் இறைவனைப் பற்றிய அதிகாரங்களோடு தொடங்குகின்றது. பின்னர் அரசர், குடிகள், பெற்றோர், கணவன் மனைவி எனப் பலரின் கடமைகளைச் சொல்கின்றது. பொய், களவு, சினம், சோம்பல் முதலிய குற்றங்களைத் தனித்தனியே எடுத்துக்கொண்டு கண்டிக்கின்றது. அவற்றுள் கைக்கூலி என்பதற்குத் தனியிடம் உண்டு.

இவ்வொன்றை ஈண்டுச் சற்றே சிந்தித்தல் வேண்டும். கள்ளுண்ணாமையையும் சூதையும் பழைய நீதிநூலோர் பலரும் பாடியுள்ளனர். நீதிமன்றத்துக் கைக்கூலியைத் தம் கண்ணெதிரே கண்டு, அதனை வாங்கத்தக்க பதவியிலேயே தாம் அமர்ந்துகொண்டு, அதற்கு எதிராகப் பாடியவர் அரியர். கை நீட்டினாற் கிடைக்கும் தொலைவில் பொருள் இருக்கும்போது பாடிய பாட்டு அது. படிப்போர் தம்மையே முதலிற் சோதித்துப் பார்ப்பர் என்பதை அறிந்தே அவர் அதனை அச்சிற் கொண்டுவந்தார் என்று கொள்ளலாம். அச்சேறிய நூல் ஆசிரியருக்கே ஓர் ஆணைப்பத்திரம் ஆகிவிடுகின்றது; பின்னர் ஒருநாள் வழுவினால் அந்நூலே அவருக்கு எதிர்ச்சாட்சியாய் நிற்கும்.

நீதி நூலின் மற்றொரு சிறப்பு, எச்சமயத்தவரும் ஏற்கும் வண்ணம் அது பாடப்பெற்றிருத்தலாகும். தம் சமயக் கொள்கைகளை அவர் அதிற் புகுத்தவில்லை. இறைவன் ஒருவன் உளன், அவன் அனைத்தையும் காண்கின்றான் என்னும் அடித்தளத்தின்மேல் அன்றாட ஒழுக்கமாகிய கட்டடத்தை எழுப்பினார். இறைவன் காண்கின்றான் என்னும் உணர்ச்சி கோயிலுக்குள்ளே எளிதில் வரும். தனியறையிற் கதவடைத்துக்கொண்டு ஒருவன் பணமுடிப்பை நீட்டும்போதும் அது வருமாயின், அதுவே ஞானம். இதனையே வேதநாயகர் தம் மறையிலிருந்து எடுத்துத் தமிழுலகிற்குப் பொதுவாக்கினார்.

சட்டத்தைத் தமிழாக்கிய தொண்டு

1862ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியது. அதற்கு முன்னிருந்த சதர் நீதிமன்றம் 1805 முதல் 1861 வரை அளித்த தீர்ப்புகளைத் தொகுத்து, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் தமிழில் வெளியிட்டார் வேதநாயகர். தமிழில் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து மொழிபெயர்த்த பெருமை அவரைச் சாரும்.

இப்பணியை அவருக்கு எவரும் இட்டதாகத் தெரியவில்லை. முன்சீப்பின் வேலை வழக்கைக் கேட்டுத் தீர்ப்பெழுதுவதோடு முடிகின்றது. மேல்மன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தால் அது அவர் குற்றமும் அன்று. ஆயினும், தம் முன்னே நிற்கும் குடியானவன் எந்தச் சட்டத்தினால் வென்றான், எந்தச் சட்டத்தினால் தோற்றான் என்பதே அவனுக்குத் தெரியாமற் போவது அவருக்கு உறுத்தியது. தோற்பவனும் தான் தோற்ற காரணத்தை அறிதல் வேண்டும். அறியாத் தோல்வி அநீதியாகவே அவன் நெஞ்சில் தங்கிவிடும்.

இவ்வெண்ணம் அவரிடம் எத்துணை ஆழமாய் இருந்தது என்பதைப் பிரதாப முதலியார் சரித்திரத்திலும் காணலாம். வழக்காடுவோன் தமிழன், எதிர்வழக்காடுவோன் தமிழன், வழக்கறிஞன் தமிழன், நடுவனும் தமிழ் அறிந்தவன்; அவ்வாறிருக்க வழக்கு மட்டும் ஆங்கிலத்தில் ஏன் நடத்தல் வேண்டும் என்று அந்நாவலில் அவர் நகைச்சுவை ததும்ப வினவுகின்றார். எளியோன் புரிந்துகொள்ளத்தக்க மொழியில் ஓர் உத்தரவை எழுதுவதும் அறமே என்பது இதனாற் பெறப்படும்.

இல்லத்துள் ஞானம்

1869ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பெண்மதி மாலை, பெண்கள் தாமே பாடிக்கொள்ளத்தக்க எளிய இசைப்பாட்டுகளால் ஆயது. பெண் கல்வியின் இன்றியமையாமையை உரைநடையிலும் விரிவாக வலியுறுத்தினார். எழுதியதோடு அமையாது, மாயூரத்தில் பெண்மக்களுக்குப் பள்ளி அமைவதற்கும் உழைத்தார். வீட்டில் அடைபட்ட அறிவு நாட்டுக்கு நட்டம் என்பதே அவர் வாதம்.

1876இல் எழுதி 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதல் நாவலாகப் போற்றப்படுகின்றது. அதன் தலைவியின் பெயர் ஞானாம்பாள். அறிவிலும் துணிவிலும் தலைவனை விஞ்சி நிற்பவள் அவள். ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரி என்னும் நாட்டின் அரசுரிமையே பெற்று, செங்கோல் செலுத்துகின்றாள். முன்னே யாம் கண்ட விவிலியக் காட்சியிலும் ஞானம் ஒரு பெண்ணே என்பதை நினைவு கூர்க. வாயிலில் நின்று அழைத்த அப்பெண்ணை எண்ணியே ஆசிரியர் இப்பெயரைச் சூட்டினாரா என்பதை உறுதியாகக் கூற இயலாது. எனினும், நீதி வழங்கும் ஞானத்தைப் பெண்ணுருவிற் காண்பது அவர் மறைநூல் மரபிற்கு முற்றும் இயைந்ததே. 1887இல் வந்த சுகுணசுந்தரி என்னும் இரண்டாம் நாவலும் பெண்ணின் பெயராலேயே அமைந்தது.

இந்நாவல்களின் மாந்தர் கிறித்தவர் அல்லர்; ஆயினும் அவர்கள் பேசும் இறைநம்பிக்கை எவர்க்கும் அயலானது அன்று. சமயப் பெயரைச் சொல்லாமலே சமயத்தின் பயனைச் சொல்ல முடியும் என்பதற்கு அவை சான்று.

ஓர் ஐயமும் விடையும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். வேதநாயகர் தம் சமயத்தை மறைத்துக்கொண்டாரா? அன்றி, எல்லாச் சமயமும் ஒன்றெனக் கருதித் தம் சமயத்தில் உறுதி தளர்ந்தாரா? 1878இல் அவர் வெளியிட்ட சர்வ சமய சமரசக் கீர்த்தனை என்னும் நூலின் பெயரே இவ்வையத்திற்கு இடந்தரும்.

வரலாறு வேறு விடை தருகின்றது. 1872இல் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மைப் பதிகம் என்னும் நூல்களைப் பாடினார். இவை முற்றும் கத்தோலிக்கப் பத்தி நூல்களே. ஆகவே அவர் உறுதி தளர்ந்தவர் அல்லர். நீதிமேடையில் அமர்ந்தவன் வழக்காடுவோனின் சமயத்தைப் பார்த்தல் ஆகாது. பார்ப்பின் அவன் நடுவன் அல்லன். அவ்வொழுக்கம் நாளடைவில் அவர் எழுத்திலும் படிந்தது எனல் பொருந்தும். வேரைத் தம் நிலத்தில் ஊன்றி, நிழலை எல்லோர்க்கும் விரித்த மரம் அவர்.

அவர்தம் நட்புகளும் இதற்குச் சான்று பகரும். சைவப் பெரும்புலவராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையுடன் திருச்சிராப்பள்ளி நாளிலே தொடங்கிய நட்பு இறுதிவரை நீடித்தது. மகாவித்துவான் வேதநாயகரைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க் கோவை பாடினார். வேதநாயகர் சீகாழியில் முன்சீப்பாய் இருந்தபோது மகாவித்துவான் பாடியதே சீகாழிக் கோவை. சிவத்தலத்தின்மேற் பாடிய அக்கோவைக்கு ஊக்கம் தந்து நின்றவர்களுள் ஒருவர் கத்தோலிக்க முன்சீப்பு! திருவாவடுதுறை ஆதீனத்து மேலகரம் சுப்பிரமணிய தேசிகரும் வேதநாயகர்க்கு நண்பர். தேசிகரைப் போற்றி அவர் செய்யுட்கள் இயற்றினார். இச்செய்திகளை டாக்டர் உ.வே. சாமிநாதையர் தம் நூல்களிற் பதிந்து வைத்திராவிடின் நாம் இழந்திருப்போம்.

பஞ்சத்தில் நின்ற கரம்

நல்ல காலத்தில் நீதி கூறுதல் எளிது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் நீதி கூறினோர் அனைவரையும் சோதித்தது. தாது வருடப் பஞ்சம் என்று முதியோர் வாயில் வழங்குவது அதுவே. மழை பொய்த்தது, விலை ஏறியது, இருந்த தானியமும் வாங்குவாரின்றி வணிகர் கிடங்கிலும் கப்பலிலும் கிடந்தது. மாண்டோர் தொகை ஐம்பது இலட்சத்திற்கும் மேலென மதிப்பிடுவர். 1877இன் தொடக்கத்தில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், செலவைச் சுருக்கும்பொருட்டு, நிவாரண வேலை செய்வோர்க்குரிய தானியத்தை நாளொன்றுக்கு ஒரு பவுண்டாகக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையராகிய டாக்டர் கார்னிஷ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். ஒரு மேசையின்மேல் ஓர் எழுதுகோல் அசைந்ததனால் எத்தனை ஆயிரம் வயிறுகள் சுருங்கின என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

காவிரிப் படுகை ஏனைய பகுதிகளைப் போல் அத்துணைக் கொடிதாய் வாடவில்லை. அதனாலேயே பசித்தோர் நாற்புறத்திலிருந்தும் அங்கே திரண்டனர். வேதநாயகர் அப்போது பதவியில் இல்லை, ஓய்வூதியக்காரர். கடமை என்று அவரை எவரும் பணிக்க முடியாது. ஆயினும் அவர் தம் பொருளை வாரி வழங்கினார். கஞ்சித் தொட்டி வைத்துப் பசித்தோரை ஊட்டினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனையால் புகழ்பெற்ற கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைக் கண்டு மனமுருகி அவர்மீது கீர்த்தனை பாடினார். சிவபத்தராகிய பாரதியார் கிறித்தவக் கொடையாளியைப் பாடியது, கஞ்சிக்கு நின்றோரிடை எவரும் சாதி சமயம் கேளாமையால் விளைந்த பாட்டு என்று கொள்ளலாம். வேதநாயகரும் பஞ்சத்தைத் தீர்க்குமாறு இறைவனை நோக்கிக் கீர்த்தனைகள் பாடினார். கையினாற் கஞ்சி வார்த்தவர் வாயினாற் பாடியமையால் அப்பாட்டுகளுக்குத் தனி உரம் உண்டு.

1889ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 21ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார்.

எழுத்தர் மேசையும் ஒரு கைம்பெண்ணும்

இவ்வரலாற்றை யான் எழுதப் புகுந்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதனைக் கூறாதொழிவது நேர்மை அன்று.

பல்லாண்டுகட்கு முன், வடநாட்டு நகர் ஒன்றில் ஓர் அலுவலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் யான் புதிதாக அமர்ந்திருந்தேன். பணியிலிருக்கும்போதே இறந்த கடைநிலை ஊழியர் ஒருவரின் மனைவி, குடும்ப ஓய்வூதியம் வேண்டி விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பத்தில் மூன்று குறைகள் இருந்தன. முதல் குறையைக் கண்டவுடன் ஆட்சேபக் குறிப்பெழுதித் திருப்பினேன். அவர் அதனைச் சரிசெய்து வந்தார். இரண்டாவதை எழுதித் திருப்பினேன். மீண்டும் வந்தார். மூன்றாவதை எழுதினேன். விதிப்படி யான் செய்தது எதுவும் தவறன்று. மேலதிகாரியும் பிழை காணவில்லை. மூன்றாம் முறை அவ்வம்மையார் தாளை வாங்கிக்கொண்டு, சினமின்றி, "பாபுஜி, இம்மூன்றையும் முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் இந்தியிற் கூறிச் சென்றார். தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து ஒவ்வொரு முறையும் பேருந்துக் கட்டணம் கடன் வாங்கி வந்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

எங்கள் பிரிவின் கண்காணிப்பாளர் ஒரு தமிழர், கத்தோலிக்கர், ஓய்வுபெறும் நிலையில் இருந்தவர். இதனைக் கவனித்தே இருந்தார். அன்று உணவு வேளையில் என்னை அருகழைத்து, "தம்பி, எங்கள் வேதத்தில் ஒரு கதை உண்டு, கேட்பீர்களா?" என்றார். "சொல்லுங்கள், ஐயா" என்றேன். லூக்கா எழுதிய நற்செய்தியில் இயேசுபிரான் கூறும் கதை அது. கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத நடுவன் ஒருவன் ஓர் ஊரில் இருந்தான். ஒரு கைம்பெண் நீதி கேட்டு அவனிடம் மீண்டும் மீண்டும் வந்தாள். நெடுநாள் அவன் செவிசாய்க்கவில்லை. முடிவில், இவள் தொல்லை தாங்கவில்லையே என்று நீதி வழங்கினான்.

"சோர்ந்து போகாமல் மன்றாட வேண்டும் என்பதற்காகச் சொன்ன கதை என்று கோயிலிற் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் முப்பது வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்த எனக்கு அந்தக் கதையில் அந்த நீதிபதிதான் கண்ணுக்குத் தெரிகிறான். அவன் இலஞ்சம் வாங்கினான் என்று வேதத்தில் இல்லை, தம்பி. தாமதம் செய்தான், அவ்வளவுதான்" என்றார்.

அதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை. மறுநாள் என் மேசைமேல் பழைய நூல் ஒன்று இருந்தது. அது வேதநாயகம் பிள்ளையின் நீதி நூல்.

யான் அவருடைய மறையைச் சேர்ந்தவன் அல்லேன். திருநீறு பூசும் குடியிற் பிறந்தவன். ஆயினும் அன்று முதல் ஒரு வழக்கத்தை மேற்கொண்டேன். எந்த விண்ணப்பம் வந்தாலும் குறைகள் அனைத்தையும் முதல் நாளே ஒரே தாளில், எண்ணிட்டு, வந்தவர்க்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுப்பது. இதனால் உலகம் திருந்திவிடவில்லை. வேலையும் சிறிது கூடியது. ஆனால் அதன்பின் என் மேசைக்கு ஒரே காரியத்திற்காக மூன்று முறை நடந்தவர் குறைந்தனர்.

கத்தோலிக்கரிடை இரவில் உறங்குமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து ஆத்தும சோதனை செய்யும் வழக்கம் உண்டு. செய்த தீமையை மட்டுமின்றிச் செய்யாது விட்ட நன்மையையும் குற்றமாக எண்ணி வருந்துவது அதன் முறை. அரசாங்க விதிநூல்களில் செய்த குற்றத்திற்குத் தண்டனை உண்டு. செய்யாது விட்ட கருணைக்குத் தண்டனை இல்லை. விதி நின்றுவிடும் அவ்விடத்திலேதான் சமயம் தன் வேலையைத் தொடங்குகின்றது. வேதநாயகர் விதியின் எல்லைக்குள் நின்றிருந்தால் தீர்ப்பெழுதி, ஊதியம் பெற்று, ஓய்ந்திருப்பார். சித்தாந்த சங்கிரகம் பிறந்திராது. பெண்மதி மாலை தோன்றியிராது. கஞ்சித் தொட்டி எரிந்திராது.

நிறைவாக

ஆவண அறை எழுத்தர் ஒருவர் அறநூல் ஆசிரியரான வரலாறு இது. அவர் அலுவலை விட்டு ஞானத்தைத் தேடிச் செல்லவில்லை. கட்டுத்தாளிலும், சாட்சியின் தடுமாற்றத்திலும், வழக்கில் தோற்றவன் முகத்திலும், பசித்தவன் நீட்டிய கலயத்திலும் அதனைக் கண்டார். இறைவன் காண்கின்றான் என்னும் ஒரு நம்பிக்கையை அன்றாட வேலையிற் கலந்தார். அவ்வளவே.

தலைநகரிலும் பிற நகரங்களிலும் அரசாங்கப் பணியில் அமர்ந்துள்ள தமிழ் மக்கள் பல்லாயிரவர். நம்மிற் பலர்க்குக் குகையும் வாய்க்காது, கங்கைக் கரையில் தவமும் வாய்க்காது. ஆனால் நகர வாயில் நம் அனைவர்க்கும் வாய்த்திருக்கின்றது. நாளைக் காலை பத்து மணிக்கு நம் மேசையின் முன் ஒருவர் தாளுடன் வந்து நிற்பார். ஞானம் என்பவள் அவர் உருவிலும் வரக்கூடும். அவரை இருக்கச் சொல்லி, முதல் நாளே முழுதும் சொல்லி அனுப்புவோமாக.